மலையை வரைகிறவரிடம் கேளுங்கள்

சித்திர ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, தலவாக்கலைப் பக்கம் இன்னும் வரைந்துகொண்டிருக்கும் ஓவியர் இந்த மாதமும் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: மாஸ்டர், உங்கள் படங்களில் பாதிக்கு மேல் கிரேட் வெஸ்டர்ன் மலைதான். ஒரே மலையை வாழ்நாள் முழுக்க வரைய அலுப்பு வராதா?
– வாசகர், கொட்டகலை

பதில்: வரும். ஜூன், ஜூலையில் வாரக்கணக்கில் மலை கண்ணிலேயே படாது, மழையும் மூட்டமும்தான், அப்போது வருகிற அலுப்பு. ஆனால் அது வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற அலுப்பு, மலை மேல் எனக்குக் கோபமில்லை. மலை தெரிகிற நாளில் அலுத்ததாக நினைவில்லை.

நான் பிறந்த லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, இஸ்தோப்பில் (திண்ணையில்) நின்றால் எதிரே அதுதான். வேறு மலையையும் வரையலாமே என்று அப்புத்தளைப் பக்கம் போய் வரைந்திருக்கிறேன், லிப்டன் சீட் என்கிற மலைமுனையில் உட்கார்ந்தும் வரைந்திருக்கிறேன். படம் நன்றாகவே வந்தது, பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் அந்த மலைகளில் எந்த மடிப்பில் தண்ணீர் ஓடுகிறது, எந்தப் பக்கம் காற்று அடித்து மரம் சாய்ந்து வளர்கிறது, எங்கே மானாப் புல் ஏறுகிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடம் வரும்போது கை தன்பாட்டில் ஒரே மாதிரிக் கோட்டை இழுத்து ஒப்பேற்றிவிடும், பார்க்கிறவருக்கு அது தெரியாமல் போகலாம், வரைந்தவனுக்குத் தெரியும்.

அப்புறம், ஒரே மலை என்கிறீர்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின (கிளைகளைக் கழித்த) வருஷம் அடிவாரம் முழுக்கக் கபில நிறமாகிவிடும். முழங்கால் உயரத்துக்கு வெறும் கட்டைகள், வெட்டுவாய் எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். சில வாரம் போனால் வெள்ளை கறுத்துவிடும், பாசி பிடித்த தண்டில் மஞ்சள் கலந்த துளிர் வரும். பக்கத்து மலையில் அதே நேரம் கொழுந்து பறிப்பு நடக்கும், அது வேறு பச்சை. ஜனவரி, பெப்ரவரியில் பனி கருக்கினால் சரிவின் பள்ளமான இடங்கள் மட்டும் துரு நிறமாகும். இதெல்லாம் ஒரே சட்டத்துக்குள் நடக்கிறது, நான் நகரவே வேண்டியதில்லை.

பிரான்சில் செசான் என்றொரு ஓவியர், 1839இல் பிறந்தவர், தன் ஊருக்குப் பக்கத்திலிருந்த சேன்ட் விக்டோயர் மலையைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார். 1906 ஒக்டோபரில் வெளியே நின்று வரைந்துகொண்டிருக்கும்போது புயல் மழையில் மாட்டி, நனைந்து, சில நாளில் இறந்துபோனார். என் வீட்டம்மாவுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும், நான் குடையில்லாமல் கிளம்பினால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயற்கையை வரைகிறவர் என்று என்னை மேடையில் அறிமுகப்படுத்தும்போது எனக்குள் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அந்த மலையில் இயற்கை என்று சொல்லத்தக்கது உச்சியில் மிஞ்சியிருக்கிற காடும் பாறையும்தான். கீழே தெரிகிறதெல்லாம் வேலை. 19ஆம் நூற்றாண்டில் காட்டை அழித்துக் கோப்பி நட்டார்கள். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் மஞ்சள் தூளாக ஒரு பூஞ்சண நோய் கண்டது, சில வருஷத்தில் கோப்பியே போய்விட்டது. அதற்கு முன்பே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டுப் பார்த்திருந்தார், அது மலை மலையாக ஏறியது. ஏற்றினது யார் என்று கொட்டகலை வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்று நாம் "என்ன பச்சை!" என்று வாய் பிளக்கிற பச்சைக்கு வயது நூற்றைம்பது வருஷம், அதில் ஒவ்வொரு செடியையும் ஒருவர் நட்டிருக்கிறார். எங்கள் ஊர் நீரும் அப்படித்தான்: மேல் கொத்மலை மின் திட்டம் 2012இல் வந்தபிறகு டவுனுக்குப் பக்கத்திலேயே அணையும் நீர்த்தேக்கமும் இருக்கின்றன, சென்ட் கிளேயர் நீர்வீழ்ச்சி பழையபடி விழுவதில்லை. எனது பழைய படங்களில் அந்த அருவி அகலமாக இருக்கும். புதியவற்றில் மெலிந்திருக்கும். இரண்டும் சரிதான்.

கேள்வி: ஐயா, போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் வரைந்தால் என்ன? மழையில் நிற்கத் தேவையில்லையே.
– மாணவர், நோர்வூட்

பதில்: தாராளமாக வரையுங்கள், குற்றமில்லை. ஆனால் போனின் லென்ஸ் அகலமாகப் பார்க்கிறது, அதனால் தூரத்து மலை கண்ணுக்குத் தெரிகிறதைவிடச் சின்னதாகிவிடும், முன்னால் இருக்கிற ரோடு பெரிதாகிவிடும். வரையும்போது மலையை வளர்த்துக்கொள்ளுங்கள். நிழலுக்குள் என்ன நிறம் என்பதையும் போன் சொல்லாது, கறுப்பாக்கி விட்டுவிடும். படம் எடுத்த இடத்திலேயே நின்று ஒரு சின்னக் கொப்பியில் நிறங்களின் பெயரை மட்டுமாவது எழுதி வாருங்கள்.

கேள்வி: வணக்கம் சேர். நான் தேயிலை மலை வரைந்தால் பச்சைப் பெயின்ட் அடித்த சுவர் மாதிரி இருக்கிறது என்று அண்ணா சிரிக்கிறான். எப்படிப் பச்சையைப் பிரிப்பது?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: அண்ணாவிடம் கோபப்படாதீர்கள், மகள், அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. முதல் வேலை, பெட்டியில் இருக்கிற ரெடிமேட் பச்சையை மூடி வைத்துவிடுங்கள். மஞ்சளும் நீலமும் இருந்தால் போதும், கூடவே பர்ன்ட் சியன்னா என்கிற செங்கபில நிறம்.

தேயிலை இலை பளபளப்பானது. வெயில் இலைக்குப் பின்னால் இருந்து வந்தால் கொழுந்து மஞ்சளாக எரியும், லெமன் யெல்லோவில் நீலத்தைத் தொட்டும் தொடாமலும் கலந்தால் அது வரும். வெயில் முன்னால் இருந்து வந்தாலோ, மூட்டமாக இருந்தாலோ, இலையின் முதுகு வானத்தைத் திருப்பிக் காட்டும், அப்போது அது பச்சையே இல்லை, நீலம் கலந்த சாம்பல். நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் மூட்டம்தானே, அதனால் தேயிலை மலையின் மேல்பரப்பில் பாதிக்கு மேல் சாம்பலைத்தான் வைக்க வேண்டியிருக்கும். துணிந்து வையுங்கள். செடிக்கும் செடிக்கும் இடையில் உள்ள இருட்டுக்கு அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா. முதிர்ந்த இலைக்கு அதிலேயே கொஞ்சம் மஞ்சள்.

செடிகளை ஒவ்வொன்றாக வட்டம் வட்டமாகப் போடுகிற பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். நிரைகள் மலையின் வளைவோடு வளைந்து போகும், தண்ணீர் ஓடக் கான் வெட்டின கோடும் கொழுந்து எடுக்கிறவர்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதையும் அதைக் குறுக்கே அறுக்கும். அந்தக் கோடுகள் சரியாக விழுந்தால் மலையின் உருவம் தானாக எழும்பும், பச்சை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். கடைசியாக எங்காவது ஒரு துளி சிவப்பு, லயத்துத் தகரமோ கோயில் கொடியோ. பச்சைக்கு எதிர் நிறம் அதுதான், ஒரு துளி போதும், இரண்டாவது துளி வைக்கும் முன் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூடுபனியை எப்படி வரைவது? வெள்ளை பூசினால் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது.
– வாசகர், நானுஓயா

பதில்: வெள்ளை பூசாதீர்கள். நீர்வர்ணத்தில் பனி என்பது நீங்கள் தொடாமல் விட்ட தாள். சீனத்து ஓவியர்கள் மலைக்கும் மலைக்கும் நடுவில் வெறும் தாளை விட்டே பனியைக் காட்டியவர்கள்.

தூரத்து மலை ஏன் நீலமாகிறது, பனி ஏன் வெள்ளையாகிறது என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடியும். காற்றின் நுண்ணிய துகள்கள் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும், அதனால் காய்ந்த காற்றினூடே பார்க்கிற தூரத்து மலை நீலம். பனியில் இருக்கிற நீர்த்துளிகள் அதைவிட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும், அதனால் வெள்ளை. ஜூலை, ஓகஸ்டில் இந்தப் பக்கம் நாங்கள் மழையில் ஊறிக்கொண்டிருக்கும்போது அதே காற்று மலையைத் தாண்டிக் காய்ந்துபோய்ப் பண்டாரவளைப் பக்கம் இறங்குகிறது, அங்கே போனால் அடுக்கடுக்காக நீல மலை பார்க்கலாம். நானுஓயாவில் இருந்துகொண்டு பண்டாரவளை நீலத்தைப் பூசினால் படம் பொய் சொல்லும்.

அப்புறம், புதிதாக வரைகிறவர்கள் மலை முழுவதையும் ஒரே அளவில் வெளிறவைக்கிறார்கள். பாருங்கள், பனி பள்ளத்தில்தான் தங்குகிறது. மலையின் கால்தான் முதலில் காணாமல் போகும், தலை இருட்டாக, விளிம்பு கூர்மையாக நிற்கும். மேலே கூர்மையாக ஒரு கோடு இழுத்து, நிறம் காயும் முன் வெறும் தண்ணீர்த் தூரிகையால் கீழே இழுத்துவிடுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் தாள் லேசில் காயாது, கொழும்பில் வரைகிறவர்களுக்குக் கிடைக்காத வசதி அது, ஆற அமரச் செய்யலாம்.

கேள்வி: இலங்கைக்குச் சுற்றுலா வந்தபோது கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்த்தேன். எவ்வளவு அழகு! நீங்கள் அவர்களை அதிகம் வரைவதில்லையே, ஏன்?
– வாசகி, சென்னை

பதில்: வரைகிறேன் அம்மா, ஆனால் நீங்கள் கலண்டரில் பார்த்த மாதிரி வரைவதில்லை, அதனால் கண்ணில் பட்டிருக்காது.

கலண்டர் படத்தில் அந்தப் பெண்ணுக்குச் சேலை கசங்காது, கூடையில் இலை எட்டிப் பார்க்கும், முகம் எங்களைப் பார்த்துச் சிரிக்கும். கொழுந்து எடுக்கிறவர் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது, கண் செடியில் இருக்க வேண்டும், இரண்டு கையும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். என் அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு, போய் வந்த கையை நான் பார்த்திருக்கிறேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தேயிலைச் சாறு ஊறிக் கறுத்திருக்கும், வெடிப்புக்குள் போன கறுப்பு சவுக்காரம் போட்டாலும் போகாது. இடுப்பில் சுற்றின படங்குச் சாக்கு, ஏனென்றால் காலையில் செடி முழுக்க ஈரம், அந்த ஈரத்துக்குள் இடுப்பளவு இறங்கி நிற்க வேண்டும். கூடையின் பாரத்தை நெற்றியில் மாட்டின கயிறு தாங்குவதால் கழுத்து முன்னே நீண்டிருக்கும், கூடையை இறக்கி வைத்த பிறகும் பலருக்கு அந்தக் கழுத்து நேராவதில்லை. இப்போது நிறைய இடங்களில் கூடைக்குப் பதில் சாக்குப் பைதான், கலண்டர்க்காரர்களுக்கு மட்டும் இன்னும் கூடை வேண்டியிருக்கிறது.

நான் வரைவது பெரும்பாலும் மடுவத்தில், கொழுந்து நிறுக்கிற கொட்டகையில். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போதுதான் அவர்கள் அவர்களாக இருப்பார்கள். தராசைப் பார்க்கிற கண் இருக்கிறதே, அது வேறு எங்கும் கிடைக்காது.

வெளியிலிருந்து வந்து எங்களைப் படமெடுப்பது புதிதும் இல்லை. ஜூலியா மார்கரெட் கெமரன் என்று பேர்போன ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்கள், விஞ்ஞானிகள் எல்லோருக்கும் படத்தின் கீழே பெயர் இருக்கிறது. இங்கே களுத்துறையில் எடுத்த ஒரு படத்துக்கு அவர் வைத்த தலைப்பு, களுத்துறைக் குடியானவர்கள் சிலர் என்பது மட்டும்தான். படம் அருமையான படம், அதில் சந்தேகமில்லை. நான் யாரையாவது வரைந்தால் படத்தின் பின்பக்கம் அவர் பெயரை எழுதி, அவரிடம் ஒருமுறை காட்டுகிறேன். "மூக்கு இப்படியா?" என்று சண்டை பிடித்தவர்களும் உண்டு.

கேள்வி: தேயிலைச் சாயத்தால் படம் வரையலாமா? நிலைக்குமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: வரையலாம், நிலைக்காது. கடுஞ்சாயமாகக் காய்ச்சி வற்றவைத்தால் நல்ல கபில நிறம் கிடைக்கும், பூச்சின் மேல் பூச்சாகக் கருமை ஏற்றலாம், ஆனால் வெளிச்சம் பட்டுப்பட்டு மங்கும். கறுப்பு வேண்டுமென்றால் துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் சில நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சாயத்தில் விடுங்கள், கண் முன்னாலேயே கறுக்கும். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் எழுதின மையும் இந்த ரசாயனம்தான், பழைய கையெழுத்துப் பிரதிகளில் அது தாளையே அரித்திருக்கிறது. ஆகவே பிள்ளைகளோடு விளையாடிப் பார்க்க நல்லது. விற்கிற படத்துக்கு வேண்டாம்.

கேள்வி: மலைநாட்டில் பழைய ஓவியம் பார்க்க எங்கே போகலாம்? எல்லாம் கொழும்பில்தானா?
– ஆசிரியை, பதுளை

பதில்: கண்டிக்குப் பக்கத்தில் தெகல்தொருவ குகை விகாரைக்குப் போங்கள் டீச்சர். 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள் வரிசை வரிசையாக ஓடும், பின்னணி நல்ல சிவப்பு. நம் கண்ணுக்குப் பழக்கமான தூரம், கிட்டம் எதுவும் அதில் கிடையாது, மரமும் மனிதரும் ஒரே தளத்தில் நிற்பார்கள், இடைவெளியெல்லாம் பூவாக நிரம்பியிருக்கும். மலைக்கு நடுவில் வாழ்ந்த ஓவியர்கள் மலையைக் காட்சியாக வரைய ஆசைப்படவே இல்லை என்பது எனக்கு எப்போதும் யோசிக்க வைக்கிற விஷயம். அவர்களுக்கு இலை முக்கியம், பூ முக்கியம், காட்சி முக்கியமில்லை.

நிறங்கள் கல்லிலும் மண்ணிலும் எடுத்தவை: வெள்ளைக்கு வெண்களி, சிவப்புக்கு சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம் என்கிற கல், ஒட்டுவதற்கு விளாம்பிசின். இந்த முறைகளையெல்லாம் எழுதிவைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 தொடக்கம் சில வருஷம் இங்கே கனியவள ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர், கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர் கலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே போனார், 1908இல் அவருடைய பெரிய நூல் வந்தது. மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுகிறார்களே, அதற்கும் முகத்தில் மஞ்சளாக அரிதாரம் பூசியது உண்டு. விகாரைச் சுவரிலும் லயத்துக் கூத்தாடி முகத்திலும் ஒரே கல். ஆனால் டீச்சர், அது ஆர்சனிக் சேர்ந்த நஞ்சு, பிள்ளைகளோடு அரைத்துப் பார்க்க வேண்டாம்.

புதியதில், கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற். 1943இல் தொடங்கிய 43 குழு என்ற ஓவியர் குழுவில் முக்கியமானவர். அவருடைய பெரிய சுவரோவியத்துக்குப் பொரளை கோதமி விகாரைக்குத்தான் போக வேண்டும், அந்த ஒன்றுக்குக் கொழும்புக் கோச்சி (ரயில்) ஏறத்தான் வேண்டும்.

கேள்வி: ஐயா, மகள் எந்நேரமும் படம் கீறிக்கொண்டே இருக்கிறாள். உயர்தரத்தில் சித்திரம் எடுக்கப்போகிறேன் என்கிறாள். அவள் அப்பா கூடாது என்கிறார். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.
– ஒரு தாய், அக்கரபத்தனை

பதில்: தங்கச்சி, முதலில் அவள் படிக்கிற பாடசாலையில் உயர்தரத்துக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். எல்லா இடத்திலும் இல்லை. இல்லையென்றால் சண்டை வேறு மாதிரிப் போகும், பக்கத்து டவுனில் தங்கிப் படிக்க வேண்டியிருக்கும், செலவு வரும்.

வழி இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரத்தில் பட்டம் படிக்கலாம், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கொழும்பில் கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்வியியற் கல்லூரிக்குப் போய்ச் சித்திர ஆசிரியர் ஆகலாம், மலையகப் பாடசாலைகளுக்கு அப்படி ஆட்கள் வேண்டும். படம் விற்றே பிழைக்கலாம் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். நானே மாதச் சம்பளத்தை நம்பித்தான் வரைந்தேன், வகுப்பு முடிந்த பிறகும் லீவு நாளிலும்.

அவள் அப்பா ஏன் வேண்டாம் என்கிறார் என்பதையும் நிதானமாகக் கேளுங்கள். மலையில் வேர்வை சிந்தின மனிதர் தன் பிள்ளை கையில் உறுதியான ஒரு தொழில் இருக்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன பிழை? அவள் வரைந்ததை அவர் இதுவரை உட்கார்ந்து பார்த்திருக்கிறாரா? அவரையே ஒருநாள் வரையச் சொல்லுங்கள், கவ்வாத்துக் கத்தியோடு. கத்தியின் வளைவு பிழைத்தால் அவர் கட்டாயம் சொல்லுவார், பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

கேள்வி: டித்வா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் மலையில் பெரிய பெரிய காயங்கள். அதை வரைந்தேன். "சாவு நடந்த இடத்தைப் படமாக்குகிறாயா?" என்று உறவினர் ஏசினார். வரையலாமா, கூடாதா?
– வாசகர், பதுளை மாவட்டம்

பதில்: வரையலாம் என்றுதான் நான் சொல்லுவேன், உங்கள் உறவினர் ஏசியதிலும் நியாயம் இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன், கொப்பியைத் திறக்கவில்லை. மலையில் தோல் உரிந்த மாதிரி செம்மஞ்சள் மண், அதன் ஓரத்தில் தேயிலை ஒழுங்காக நிரை பிடித்து நின்றது. அந்த ஒழுங்குதான் தாங்க முடியவில்லை. மறுவருஷம் போனால் மானாப் புல்லும் பன்னச் செடியும் ஏற ஆரம்பித்திருந்தன, பச்சை மூட மூட எனக்குப் பயம் வந்தது, இன்னும் கொஞ்ச நாளில் இந்த வழியால் பஸ்ஸில் வருகிறவன் இதையும் சேர்த்து "என்ன அழகு!" என்பானே என்று. அப்போதுதான் வரைந்தேன்.

2025 நவம்பரில் டித்வாவில் நடந்தது அதைவிட எத்தனையோ மடங்கு. தேயிலையின் வேர் காட்டு மரத்தின் வேர் மாதிரி மண்ணைப் பிடிக்காது, கான் அடைபட்டால் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், சரிவின் கீழேதான் லயம். இதெல்லாம் படத்தில் வரலாம், வர வேண்டும். மண்ணின் நிறத்தை மாற்றாதீர்கள், எந்த லயம் எங்கே இருந்தது என்று விசாரித்து வரையுங்கள். பிணமும் அழுகிற முகமும் வேண்டாம், அவர்களிடம் கேட்காமல் வேண்டவே வேண்டாம். படத்தை விற்பதாக இருந்தால், விற்கும் முன் அந்த உறவினரிடமே கேளுங்கள்.

கேள்வி: உங்கள் படம் என்ன விலை? அடுத்த கிழமை கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டும்.
– வாசகர், ஹட்டன்

பதில்: அடுத்த கிழமைக்குள் காயாது. மின்விசிறி வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: வயதானால் கண்ணும் கையும் ஒத்துழைக்காதே, எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
– ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, டிக்கோயா

பதில்: கை பரவாயில்லை, முழங்கால்தான் ஒத்துழைப்பதில்லை. முன்பு மேல் மலை வரை ஏறி வரைவேன், இப்போது ரோடு போகிற தூரம்தான். அதனால் படத்தில் மலை உயர்ந்துவிட்டது, அண்ணாந்து பார்க்கிறேன் அல்லவா.

கண்ணில் புரை வந்து சத்திரசிகிச்சை செய்தேன். கட்டு அவிழ்த்த அன்றைக்கு டொக்டரின் வெள்ளைக் கோட்டு நீலமாகத் தெரிந்தது. கண்ணின் வில்லை வயதோடு மஞ்சளாகி நீலத்தை வடிகட்டிவிடுமாம், அது மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரியாது. பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் இதுதான், 1923இல் ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை, அதற்கு முந்திய சில வருஷத்துப் படங்களில் செம்மஞ்சள் தகதகக்கும். எனக்கும் அந்த வருஷங்களில் வரைந்த கிரேட் வெஸ்டர்ன் எல்லாம் சாயங்கால நிறத்தில் இருக்கிறது, காலையில் வரைந்தவைகூட. திருத்தச் சொன்னார்கள், திருத்தவில்லை. அன்றைக்கு மலை எனக்கு அப்படித்தான் தெரிந்தது. உங்களுக்கு மங்கலாகத் தெரிந்தால் கண் கிளினிக்குக்குப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள், வண்ணம் தெரிவதற்கு முன்னால் படி தெரிய வேண்டும்.

கேள்வி: வெளியே போய் வரைய என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
– மாணவி, பண்டாரவளை

பதில்: குறைவாக. சின்ன நீர்வர்ணப் பெட்டி, ஒரு பெரிய தூரிகை, ஒரு சின்னது, தண்ணீர்ப் போத்தல், பழைய துணி. தாள் மட்டும் நல்லதாக வாங்குங்கள், 300 கிராம் தடிப்பு, மெல்லியது ஈரத்தில் அப்பளமாக வளையும். வரைந்து முடித்ததை ஈரத்தோடு அடுக்கி வைத்தால் நம் ஊரில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும், நன்றாக உலரவைத்து, இடையில் தாள் வைத்து, சுவரில் முட்டாத மாதிரி அலுமாரியில் வையுங்கள். ஹோர்டன் சமவெளிக்குப் போவதாக இருந்தால் பொலித்தீன் பையை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

அட்டைக் கடிக்குச் சிலர் உப்புக் கொண்டுபோவார்கள், சிலர் காலில் யூகலிப்டஸ் தைலம் பூசுவார்கள். தைலம் பூசினால் கையை நன்றாகத் துடைத்துவிட்டுத் தாளைத் தொடுங்கள், எண்ணெய் பட்ட இடத்தில் நீர்வர்ணம் பிடிக்காது.